பூர்வீகச் சொத்தை

ஜூன் 9, திங்கள்

கிரேஸ் மிஸ் ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார். "என்ன பயிற்சி செஞ்சீங்க, என்ன தப்பு செஞ்சீங்கன்னு தேதி போட்டு எழுதணும். நான் படிக்க மாட்டேன். நீங்கதான் படிக்கணும்."

"தப்பு எழுத இன்னொரு நோட்டு தருவீங்களா மிஸ்?" என்றேன்.

"செண்பகவல்லி, ரெண்டு ரவுண்டு ஓடு" என்றார்.

ஓடினேன். ஆக, இன்றைய பயிற்சி: இரண்டு ரவுண்டு. இன்றைய தப்பு: மிஸ்ஸின் விசிலுக்குள் உருளும் குட்டி உருண்டையை ஊக்கால் நோண்டி எடுத்தது. இப்போது ஊதினால் 'பீப்' வராது, 'பூஸ்' என்று பால் குக்கர் மாதிரி ஒரு மூச்சு வரும். மிஸ் விசிலைக் குலுக்கிக் குலுக்கிப் பார்க்கிறார். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையைப் பிடிக்காத பிள்ளை இல்லை என்பார்கள். விசிலைப் பிடித்த பிள்ளை நான் ஒருத்திதான்.

எங்கள் பதினொன்றாம் வகுப்பில் கோல் கீப்பர் இரண்டு பேர்: நானும் மாரிக்கனியும். கீப்பர் கிட் ஒன்று. அதோடு முன்னாள் மாணவி யாரோ கொடுத்த ஷூவும் ஒரே ஜோடி, ஆறாம் நம்பர். ஒரு நாள் அவள் போடுவாள், ஒரு நாள் நான். ஜூலை பன்னிரண்டாம் தேதி விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு கீப்பர்தான் போகலாம்.

கனிக்கு அங்கே இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அங்கேயே. கிடைக்காவிட்டால் அவளை அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் சேர்த்துவிடுவார்கள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். "பெறகென்ன, நானும் ஆபீசர்தான்" என்றாள் கனி. நல்ல பகடி. நான் சொல்லியிருக்க வேண்டியது.

ஜூன் 13, வெள்ளி

வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகிவிட்டது. ஓரம் தடித்து, தொட்டால் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. பந்து பட்டிருக்கும். அம்மாவின் அரக்கு நகப்பூச்சை எடுத்து இரண்டு காலுக்கும் பூசிவிட்டேன்.

"என்னட்டி திடீர்னு சிங்காரம்?" என்றாள் அம்மா.

"காலே தனி அழகும்மா, கலர் வேற வேணுமான்னு கேக்குது. நாந்தான் சமாதானப்படுத்திப் பூசுதேன்."

ஜூன் 17, செவ்வாய்

நகத்தின் ஓரம் காணோம். எங்கே விழுந்ததோ. வெட்டுகிற வேலை மிச்சம்.

ஜூன் 18, புதன்

மிஸ் கீப்பர் ஷூவை வெயிலில் காய வைப்பதற்காகத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு துண்டு விழுந்தது. மஞ்சளாக, பழைய அவல் மாதிரி.

"இது நகம்லா? யாரோடது?"

ஷூவைப் போடுகிறவர்கள் இரண்டே பேர். எல்லோரும் எங்கள் கால்களைப் பார்த்தார்கள். என் கால் அரக்கு நிறத்தில் பளபளவென்றிருந்தது. கனியின் இடது பெருவிரல் நகம் கறுப்பாக இருந்தது. போன வாரம் பெனால்டி கார்னரில் பந்து பட்டு ரத்தம் கட்டியது.

"இது அடி பட்டது மிஸ்" என்றாள் கனி.

யாரோ ஏதாவது சொல்ல வேண்டிய இடம். சொல் என் வாயில் தயாராக இருந்தது. "விடுங்க மிஸ். கனின்னு இருந்தா ஒரு சொத்தை இல்லாமயா இருக்கும்?"

மைதானமே சிரித்தது. மிஸ்கூடச் சிரிப்பை அடக்கினார். "நகச்சொத்தை ஒட்டிக்கும் பிள்ள. சரியாகுற வரைக்கும் நீ கிட்டைத் தொடாத" என்று கனியிடம் சொல்லிவிட்டார்.

அந்தத் துண்டு யாருடையது என்று யாருக்குத் தெரியும்? நகத்தில் பெயரா எழுதியிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

பயிற்சி: நான் மட்டும் கோலில். கனி வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

கரும்பலகையில் 'சொத்தைக்கனி' என்று கொட்டை எழுத்தில். கனி உள்ளே வந்தாள், பார்த்தாள், டஸ்டர் எடுத்து அழித்தாள், உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த லூர்து மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டாள்.

எழுதியது நான் இல்லை. பெயர் வைத்தது மட்டும்தான் நான். பெயர் வைப்பது குற்றம் என்றால் எல்லா அம்மா அப்பாவும் ஜெயிலில் இருக்க வேண்டும்.

இது நல்ல பகடிதான். ஆனால் சொல்லிப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

கனி பள்ளிக்கு வந்து நான்கு நாள் ஆகிறது.

அப்பாவைப் பற்றி எழுதலாம். அப்பா தையல்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. உலகத்தில் எல்லா டெய்லரும் வெறுங்காலால் மிதிப்பார்கள். எங்கள் அப்பா சாக்ஸ் போட்டுத்தான் மிதிப்பார். கல்யாணப் பந்தியிலும் சாக்ஸ். கோயிலுக்குப் போனால் வாசலில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல். "சாமியே வெளிய வந்து பாத்துக்கிடட்டும்" என்பார். நான் அவரைச் 'சாக்ஸ்பியர்' என்று கூப்பிடுவேன். சிரித்துக்கொள்வார். ஏன் சாக்ஸ் என்று கேட்டதே இல்லை. அப்பா என்றால் சாக்ஸ், அவ்வளவுதான்.

நகம் இப்போது பாதி வரை மஞ்சள். பூச்சு இரண்டு கோட்டிங் தேவைப்படுகிறது.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பகடி சேர்க்காமல்.

விடுதித் தேர்வுக்குப் புது டிராக் பேன்ட் தைக்க அப்பா அளவெடுத்தார். கடையில் வேறு யாரும் இல்லை. இடுப்பு எடுத்தார். உயரம் எடுக்கக் கீழே குந்தினார். டேப்பைக் கணுக்காலில் வைத்தவர், எழுந்திருக்கவில்லை.

"முப்பத்தாறரை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்து, "முப்பத்தாறரை" என்றார். மூன்றாவது தடவையும் அளந்தார்.

"என்னப்பா, நடுவுல வளந்துட்டனா?"

 கட்டை விரலால் என் நகத்தின் ஓரத்தை அமுக்கினார். பூச்சு செதிலாகக் கழன்று வந்தது. கீழே மஞ்சள்.

அப்பா தரையில் உட்கார்ந்து வலது சாக்ஸைக் கழற்றினார். நான் பிறந்து பதினாறு வருஷத்தில் அந்தக் காலை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. ஐந்து நகமும் தடித்து, மஞ்சளும் பழுப்புமாக, மரப்பட்டை மாதிரி. என் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்தார். அதே பெருவிரல், அதே ஓரம். பழைய போட்டோவும் புதுப் போட்டோவும் மாதிரி இருந்தது.

"எனக்கு உன் வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றார். "எங்க அக்காவுக்கும் அப்படித்தான். குளிக்காத வீட்டுப் பிள்ளைங்கன்னு பள்ளிக்கூடத்துல தனியா உக்கார வச்சாங்க. நாங்க ஒரு நாளைக்கு எட்டுத் தடவ காலு கழுவுவோம் தாயி. செங்கல்ல ஒரசுவோம். ஒன்னும் போகல. உனக்கு வந்துரக் கூடாதுன்னுதான் சோப்பு வேற, துண்டு வேற, சாக்ஸ் வேறன்னு பிரிச்சு வச்சேன். அப்பயும் குடுத்துட்டனே."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பகடி சேர்க்க மாட்டேன் என்று மேலே எழுதினேன். ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"எல்லா அப்பாவும் பிள்ளைக்குச் சொத்த எழுதி வைப்பாங்க. நீங்களும் எழுதி வச்சுட்டீங்க. என்ன, வேற சொத்த."

அப்பா ஒரு நொடி புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 4, வெள்ளி

அரசு ஆஸ்பத்திரி, தோல் பிரிவு. அப்பாவும் நானும். டோக்கன் எண் 61. டாக்டர் அக்கா சின்ன வயசு. கொட்டாவி விட்டுக்கொண்டே நகத்தைச் சுரண்டி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறகு சட்டென்று கொட்டாவி நின்றது, ஏனென்றால் அப்பா சாக்ஸைக் கழற்றியிருந்தார்.

"எத்தன வருஷமா?"

"முப்பது இருக்கும்மா."

"வீட்டம்மாவுக்கு இருக்கா?"

"இல்ல."

"ஒரே பாத்ரூம்தான?"

"பதினெட்டு வருஷமா ஒரே பாத்ரூம்தான்."

டாக்டர் அக்கா பேனாவை என் பக்கம் நீட்டினார். "பாத்தியா? இந்த பங்கஸ், அதான் பூஞ்சக் கிருமி, தரையில, ஷூவுல, பாத்ரூம்ல எங்க வேணா இருக்கும். எல்லாரும் மிதிக்கத்தான் செய்றோம். எல்லாருக்குமா வருது? கூடவே இருக்கிற அம்மாவுக்கு வரல. ரத்த சொந்தமான உனக்கு வந்துருக்கு. வந்தவன் யாருன்னு காவல்காரனுக்கு அடையாளம் காட்ட உடம்புக்குள்ள ஒரு ஏற்பாடு இருக்கு. அது அப்பா அம்மா ஜீன்ல இருந்து வரது. சில குடும்பத்துல அது இந்தக் கிருமிய மட்டும் சரியாக் காட்டிக் குடுக்காது."

"கோல் கீப்பர் தூங்குதாளா டாக்டர்?"

"தூங்கல. மத்தவன் அடிச்சா பிடிப்பா. இவன் வந்தா மட்டும் நம்ம டீம் ஆளுன்னு நெனச்சு விட்ருவா." பிறகு விரலை ஆட்டினார். "அதுக்காக ஜீன் இருந்தா வந்தே தீரும்னு இல்ல. வாய்ப்பு கூட, அவ்வளவுதான். இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல, ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு. ஆனா அழுக்கா இருக்கிறதால வந்துச்சுன்னு யாராவது உங்கள சொன்னா, அவங்கள எங்கிட்ட அனுப்புங்க."

அப்பா அந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்து இருமிய பிறகும் எழுந்திருக்கவில்லை. "அழுக்கு இல்லையாம்" என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். நானும்தான் கேட்டேன். பஸ்ஸில் இன்னொரு தடவை சொன்னார்.

இருவருக்கும் ரத்தப் பரிசோதனை. அது சரியாக இருந்தால் மூன்று மாத மாத்திரை. நல்ல நகம் முழுசாக வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். விளையாடத் தடை இல்லை. ஷூவை மட்டும் யாரோடும் பங்கு போடக் கூடாது. பங்கஸ் என்ற சொல்லே அதற்குத்தான்: அப்பா சொத்தில் என் பங்கு.

டாக்டரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். நகம் கறுப்பாக, வழவழவென்று, உதிராமல் இருந்தால்? "அடி பட்டதா? அப்ப ரத்தக்கட்டு. நகம் வளர வளரத் தானாப் போயிரும். யாருக்கு?"

"சும்மா கேட்டேன்" என்றேன்.

ஜூலை 7, திங்கள்

மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். மழை பெய்ததால் மைதானத்துக்குப் போகவில்லை. நாளைக்கு.

மிஸ் பட்டியல் ஒட்டியிருக்கிறார். கோல் கீப்பர்: செ. செண்பகவல்லி.

ஜூலை 8, செவ்வாய்

தொண்டை வலி. பேச முடியவில்லை. மிஸ் விசில் புதுசு வாங்கிவிட்டார். நன்றாக ஊதுகிறது.

ஜூலை 9, புதன்

பயிற்சி இல்லை. கனி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலில் மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வா தாயி. நீயாவது வந்தியே. இவ திங்கக்கெழமயில இருந்து ஆபீசுக்குப் போறா. பள்ளிக்கூடம் போகச் சொன்னா மாட்டேங்கா. என்ன நடந்துச்சுன்னு கேட்டா வாயத் தொறக்கல."

கனி பின்பக்கம் குளிக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் வாளியில் மஞ்சள் தண்ணீர், உப்பு. கையில் செங்கல் துண்டு. இடது பெருவிரல் நகத்தை ஆழ வெட்டி, மிச்சத்தை உரசியிருக்கிறாள். விரல் நுனி தக்காளி மாதிரி சிவந்து, ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டுக்குத் தயாராக மூன்று பதில் வைத்திருந்தேன்.

அவள் காலைத் தூக்கி என் பக்கம் காட்டினாள். "ஏட்டி, போயிருச்சான்னு பாரு. எனக்குக் கறுப்புத் தெரியல. உனக்குத் தெரியுதா? மிஸ்ட்ட நீ சொன்னா நம்புவாங்க."

"போயிருச்சு" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

செங்கல்லை அவள் கையிலிருந்து வாங்கி, மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். பிறகு ஓடி வந்துவிட்டேன். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டேன் என்பது ரயில்வே கேட் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 10, வியாழன்

காலையில் அப்பா கடையில் கறை எடுக்க வைத்திருக்கும் தின்னரால் நகப்பூச்சை அழித்தேன். செருப்புப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். எல்லோரும் வட்டமாக நின்றபோது செருப்பை விட்டு நடுவில் போய் நின்றேன்.

"ஷூவுக்குள்ள கெடந்த நகம் என்னோடது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. இது ஏதோ பகடி, கடைசி வரி இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் கடைசி வரி இல்லை.

"இது எங்கப்பாவுக்கு இருக்கு, எங்க அத்தைக்கு இருக்கு. எனக்கும் வந்துருக்கு. கனிக்கு இருக்கிறது பந்து பட்ட ரத்தக்கட்டு. அவ நான் போட்ட ஷூவப் போட்டும் அவளுக்கு ஒன்னும் வரல."

மிஸ் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்? ஆஸ்பத்திரி போன பெறகா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அழகான ஆம் அது. மிஸ்ஸே எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இல்ல மிஸ். அன்னைக்கே தெரியும். நகம் முந்தின நாளே உடைஞ்சுட்டு. கீழ விழுந்ததுமே என்னோடதுன்னு தெரியும். எல்லாரும் என் காலத்தான் பாப்பாங்கன்னு பயமா இருந்துச்சு."

இந்த நோட்டிலும் ஜூன் 18-ல் பொய் எழுதியிருக்கிறேன். யாருமே படிக்காத நோட்டில் எதற்குப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்துத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

லூர்து, "சீ" என்றாள். காலைப் பார்த்துச் சொன்னாளா என்னைப் பார்த்துச் சொன்னாளா தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும்.

மிஸ் திட்டவில்லை. "நானும் ஒரு டாக்டர்ட்ட காட்டச் சொல்லிருக்கணும். சிரிச்சுட்டேன்" என்றார். பட்டியலைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "வா, அவ வீட்டுக்குப் போவோம்."

கனியின் அம்மாவிடமும் கனியிடமும் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன், வாசலில் நின்று. கனி கடைசி வரை என்னைப் பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் அம்மா, "எம் பிள்ள பத்து நாளா செங்கல்ல ஒரசுனா தாயி" என்று மட்டும் சொன்னார்கள்.

மிஸ் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேன் வரும் என்று சாத்திய கதவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஜூலை 12, சனி

கனி வந்தாள். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, விரலில் துணிக்கட்டோடு. வேனில் லூர்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லூர்து காலை இழுத்துக்கொள்ளவில்லை. தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள், அதுவும் ஆறாம் நம்பர்தான். பழைய ஷூவை மிஸ் என் தலையில் கட்டிவிட்டார். இனி அது முழுக்க என் சொந்தம்.

நான் விளையாடப் போகவில்லை. கிட் மூட்டையைத் தூக்கப் போனேன். அதை மட்டும் மிஸ்ஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மைதானத்தில் கனி கால் பேடைக் கட்டிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் வார் கைக்கு எட்டாது. எங்கள் கிட்டில் அது எப்போதும் ஒருவர் கட்டிவிட வேண்டிய வார். எட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். சுற்றிலும் வேறு ஆள் இல்லை.

"இறுக்கு" என்றாள், முன்னால் பார்த்தபடி.

மண்டியிட்டு இறுக்கினேன்.

"இன்னும்."

இறுக்கினேன்.

பத்து பந்து அடித்தார்கள். ஏழு பந்தைத் தடுத்தாள். எட்டாவது பந்து அந்தக் காலிலேயே பட்டது. பட்ட இடத்தில் அவள் குனியவில்லை. நான்தான் குனிந்தேன், கோட்டுக்கு வெளியே, எனக்குப் பட்ட மாதிரி.

மூன்று மணிக்குப் பெயர்கள் வாசித்தார்கள். நான்காவது பெயர் மாரிக்கனி. மிஸ் புது விசிலை எடுத்து எந்தக் காரணமும் இல்லாமல் ஊதினார். தேர்வாளர் ஒருவர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

கனி நேராக என்னிடம் வந்து காலை நீட்டினாள். "அவுறு."

வாரைக் கழற்றினேன். பேடை உருவினேன். துணிக்கட்டு கொஞ்சம் ரத்தத்தில் நனைந்திருந்தது. அவள் என் செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு இல்லாத அந்த மஞ்சள் நகத்தை.

"வலிக்குமாட்டி அது?"

"இல்ல" என்றேன்.

முறைத்தாள்.

"ஷூ போட்டா கொஞ்சம்" என்றேன்.